சூதோ, கணக்கோ?

திருக்குறளிலே சூது என்னும் அதிகாரம் நிற்கும் இடம் கவனிக்கத்தக்கது. அது 94ஆம் அதிகாரம். அதற்கு முன்னே நிற்பது கள்ளுண்ணாமை. பின்னே நிற்பது மருந்து. மயக்கமும் நோயும் சூதுக்கு இருபக்கத்து அயலவர் என்று முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம் வகுப்பிலே ஒரு சிரிப்பு எழும். அந்தச் சிரிப்போடு அதிகாரமும் முடிந்துவிடும். அதற்கு மேலே சிந்திக்கவேண்டிய தேவை சென்ற தை மாதம் வரையில் எனக்கு நேர்ந்ததில்லை.

தை மாதத்து மாலை ஒன்றில் உரும்பிராயிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் வந்தார். செம்மண் தோட்டத்திலே வெங்காயம் செய்பவர். கூடவே அவருடைய மகனும் வந்திருந்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கணிதம் பயில்பவன். திண்ணையில் அமர்ந்ததும் தந்தை சொன்னார்: "பண்டிதர் ஐயா, அண்டைக்கு என்ரை கடதாசியைக் கிழிச்சுப் போட்டியள். இண்டைக்கு இவனுக்கும் நீங்கள்தான் ஒரு புத்தி சொல்லவேணும்."

அவர் குறிப்பிட்ட நாள் எனக்கு நினைவிருந்தது. 1993ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலே மின்சாரம் இல்லாத காலம். போத்தல் விளக்கிலே பிள்ளைகள் படித்த காலம். நான் அப்போது புதிதாக ஆசிரியத் தொழிலுக்கு வந்தவன். பாடசாலை வளவின் பின்புறத்து மாமரத்தின் கீழே நான்கு பிள்ளைகள் வட்டமிட்டிருந்து முந்நூற்று நாலு ஆடிக்கொண்டிருந்தார்கள். பிடித்தேன், அடித்தேன், கடதாசிகளைப் பறித்துக் கிழித்தெறிந்தேன். நால்வருள் மூவர் அழுதனர். அழாமல் நின்றவரே இப்போது என் திண்ணையில் இருந்தவர்.

முந்நூற்று நாலு என்னும் ஆட்டம் எம்மவர்க்குப் புதியதன்று. கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் விடிய விடிய நடப்பது. 32 கடதாசிகள்; நால்வர்; இருவர் இருவராகக் கட்சி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2 எனப் புள்ளி. ஓரினத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் கூட்டினால் 304. பெயரே கணக்கு. 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நாங்கள் தங்கிய பாடசாலை விறாந்தையிலும் இதே ஆட்டம் நடந்தது. வீடிழந்து வந்த முதியவர்கள் சிறிதுநேரம் துயர் மறந்து துரும்பு எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அன்று கிழிக்க எனக்குக் கை எழவில்லை. ஆனால் முன்பு கிழித்தது சரியோ என்று எண்ணவுமில்லை.

இப்போது மகனுடைய ஆட்டம் வேறு. அதன் பெயர் போக்கர். கைத்தொலைபேசியிலே, உலகெங்குமுள்ள முகமறியாதாரோடு, சிறு சிறு கட்டணம் கட்டி ஆடும் சுற்றுப்போட்டிகள். ஒரு போட்டியிலே கிடைத்த பரிசைக்கொண்டு தந்தையின் கிணற்றுக்கு நீரிறைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான். தந்தையோ பெட்டியைப் பிரிக்காமலே கொட்டிலில் வைத்துவிட்டார். "இந்தத் தண்ணியை நான் எப்பிடி ஐயா பயிருக்கு விடுறது?" என்று அவர் கேட்டபோது குரல் தழுதழுத்தது. மகன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். படிப்பை விட்டுக் கனடாவிலுள்ள மாமனிடம் சென்று, இதனையே முழுநேரத் தொழிலாகக் கொள்ளவேண்டும் என்பது அவன் எண்ணம்.

ஒரு பக்கத்தைக் கேளாது தீர்ப்புச் சொல்வது முறையன்று. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் செய்தது அதுவே. ஆகையால் இரண்டு கிழமை தவணை கேட்டேன். அவ்விரு கிழமையும் பிள்ளை மாலைதோறும் வந்து எனக்கு ஆசிரியனானான்.

ஆட்டத்தின் இயல்பு

போக்கரிலே பலவகை உண்டு. பெரும் போட்டிகளில் ஆடப்படுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்பது. ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு கடதாசி. மேசை நடுவிலே யாவர்க்கும் பொதுவாக ஐந்து. இவ்வேழினுள் சிறந்த ஐந்தைக் கொண்டவர் வெல்வார். ஆனால் நான்கு கட்டங்களிலே பந்தயம் கூறப்படுவதால், நல்ல கடதாசி இல்லாதவரும் எதிரிகளை அஞ்சி ஒதுங்கச் செய்து வெல்லலாம். கையிலிருப்பதைக் காட்டாமல், எதிரியின் கையிலிருப்பதை அவன் செய்கையால் அனுமானிப்பதே ஆட்டத்தின் உயிர்.

சுற்றுப்போட்டியிலே, கட்டணம் செலுத்தியவர் அனைவர்க்கும் சம அளவான சில்லுகள் தரப்படும். அவற்றை இடையிலே காசாக மாற்ற முடியாது. நேரம் செல்லச் செல்லக் கட்டாயப் பந்தயத்தின் அளவு உயர்ந்துகொண்டே போகும்; ஒதுங்கியிருந்து பிழைக்க வழியில்லை. சில்லு முழுவதையும் இழந்தவர் எழுந்து போகவேண்டும். எல்லாச் சில்லும் ஒருவரிடம் சேரும்வரை ஆட்டம் நடக்கும்.

இவற்றுள் தலையாயது, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலே 1970இல் தொடங்கிய போக்கர் உலகத் தொடர். அதன் முதன்மைப் போட்டிக்குக் கட்டணம் 10,000 டொலர். வெற்றியாளர்க்குப் பெரும்பொருளோடு பொற்காப்பும் அணிவிப்பார்கள். 2003இல் 839 பேர் ஆடினார்கள். அவ்வாண்டு வென்றவர் ஒரு கணக்காளர். 86 டொலர் கட்டி இணையத்திலே ஆடிய தகுதிப்போட்டி ஒன்றின் வழியாக வந்து, 25 இலட்சம் டொலர் பெற்றார். அவருடைய குடும்பப் பெயர் மணிமேக்கர்; பணம் ஆக்குபவர் என்பது பொருள். இடுகுறியாய் நின்ற பெயர் ஒரே இரவிலே காரணப் பெயராயிற்று! அடுத்த ஆண்டே ஆடுவோர் தொகை 2,576 ஆனது. 2024இல் 10,112 ஆயிற்று. அவ்வாண்டு முதற்பரிசு ஒரு கோடி டொலர்.

பரிசு பெறுவோர் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினைவர். எனவே 2024இல் எண்ணாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்கள் வெறுங்கையராய்த் திரும்பினர். செய்தித்தாளிலே படம் வருவது ஒருவருக்கே.

கற்கத்தக்கதோர் கலையா?

இது வெறும் வாய்ப்பா, திறனா என்பது என் முதல் வினா. பிள்ளை ஒரு செய்தி சொன்னான். 2017 ஜனவரியிலே, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆக்கிய லிப்ராட்டஸ் என்னும் கணினி நிரல், தேர்ந்த போக்கர் ஆட்டக்காரர் நால்வரோடு 120,000 ஆட்டம் ஆடி வென்றது. "நாணயம் சுண்டுறதிலை எந்தக் கணினியும் ஆளை வெல்லாது ஐயா. இதிலை வெண்டால், இதிலை கற்க ஏதோ இருக்குத்தானே?" என்றான். மறுக்க இயலவில்லை.

நானும் அவனுக்கு ஒன்று சொன்னேன். நளன் கதையிலே, சூதில் நாடிழந்த நளன், இருதுபன்னனுக்குத் தேர்ப்பாகனாய்ச் செல்கையில், அவ்வரசன் ஒரு தான்றிமரத்தின் இலையையும் காயையும் பார்த்த அளவிலே தொகை கூறுகிறான். வியந்த நளன், தானறிந்த பரிநூலைக் கொடுத்து அவனறிந்த சூதுநூலைப் பெறுகிறான். பின்பு புட்கரனோடு ஆடி நாட்டை மீட்கிறான். பகடைக்குள்ளே கணக்கு உண்டென்பதை முன்னோர் அறிந்திருந்தனர் என்பதே இதனாற் பெறப்படுவது. இக்கதையைப் பலமுறை பாடஞ் சொன்ன நான், அந்த மரத்தடியிலே ஒருநாளேனும் நின்று பார்த்ததில்லை. பிள்ளையின் கண்கள் விரிந்தன. "அப்ப நளன் படிச்சுப்போட்டுத்தான் வெண்டவர்!" என்றான். "ஓம் தம்பி. வென்றபின் ஆட்டத்தை நிறுத்தியும் விட்டான்" என்றேன்.

திறன் உண்டு என்று ஒப்பினும், அதன் எல்லை எவ்வளவு? 52 கடதாசியிலே இரண்டு எடுக்கும் வழி 1,326. இரண்டும் ஆசாக அமைவது 221இல் ஒரு முறை. அக்கையே யாவற்றினும் உயர்ந்தது. அதற்கு எதிரே இரண்டு இராசாக்கள் வந்து, இருவரும் உள்ளதனைத்தையும் பந்தயம் வைத்தால், ஆசுக்காரர் நூற்றுக்கு எண்பது முறைக்குச் சற்று மேலாக வெல்வார். மற்ற முறைகளிலே, யாதொரு பிழையும் செய்யாமலே எழுந்து போவார். பெரும் போட்டியிலே இத்தகைய கண்டங்கள் பல வரும். எண்பதுக்கு இருபது என்னும் சாதகமான நிலையிலே ஐந்து முறை நின்றவருள், ஐந்திலும் தப்புபவர் மூவரில் ஒருவரே. பிள்ளை இக்கணக்கைத் தாளிலே போட்டுக் காட்டியபோது, ஊழ் என்னும் அதிகாரம் எனக்குப் புதிதாய் விளங்கிற்று. முயற்சியைப் பேசிய புலவரே ஊழையும் பேசினார். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தாரல்லர்.

இத்தொழிலார் இக்குறையை அறிந்தே நடக்கிறார்கள். ஓர் ஆட்டத்தின் பயனைக் கொண்டு தம் செயலை அளப்பதில்லை. செய்தது சரியா என்பதையே அளப்பார்கள். ஆண்டு முழுவதும் தோற்றாலும் தாங்கும்படி கைம்முதலிலே சிறு பகுதியையே ஒரு போட்டியில் இடுவார்கள். கட்டணம் பெரிதாயின், வரும் பரிசிலே பங்கு தருவதாகச் சொல்லிப் பிறரிடம் பணம் பெறுவார்கள். இவை நல்ல வணிகன் செய்வனவே. ஆனால் பிள்ளை தன் தொலைபேசியிலே ஒவ்வோர் ஆட்டக்காரரின் வாழ்நாட் பரிசுத்தொகையைக் காட்டியபோது ஒன்று கேட்டேன்: "வரவு இருக்கிறது, செலவு எங்கே?" அவன் தயங்கினான். அப்பட்டியல்கள் பெற்ற பரிசை மட்டுமே கூட்டுவன. கட்டிய கட்டணம், விமானச் செலவு, பங்காளர்க்குக் கொடுத்தது ஒன்றும் அதில் இல்லை. எம்மூர்ச் சில்லறைக் கடைக்காரர் எவரும் ஒருபக்கக் கணக்கை நம்பி முதல் போடமாட்டார்.

இருவர் வாழ்வு

இத்தொழிலிலே உயர்ந்தவர்களுள் இலங்கை வழியினர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் டெக்சாசில் வாழும் உபேஷ்க டி சில்வா. 2015இல் முதற் பொற்காப்பு. 2020 முடியுமுன்னே மொத்தம் மூன்று. வாழ்நாளிலே ஒன்று பெறாத வல்லவர் பலர் இருக்க, மூன்று பெறுவது தற்செயல் ஆகாது.

2020 பெருந்தொற்றுக் காலத்திலே முதன்மைப் போட்டியின் அமெரிக்கப் பிரிவு இணையத்திலே நடந்தது. 705 பேரிலே எஞ்சிய ஒன்பதின்மர், டிசம்பர் மாதத்திலே லாஸ் வேகாசுக்கு நேரில் வந்து ஆடவேண்டும். டி சில்வா அவர்களுள் ஒருவர். முதற்பரிசு 15 இலட்சம் டொலருக்கு மேல். மேசையில் அமருமுன் யாவர்க்கும் கொரோனாப் பரிசோதனை செய்தார்கள். அவருக்குத் தொற்று இருந்தது. விதிப்படி அவர் நீக்கப்பட்டார். ஒன்பதாம் இடத்துக்குரிய 98,813 டொலர் கொடுக்கப்பட்டது. இறுதி மேசையிலே ஒரு கடதாசிதானும் அவர் கைக்கு வரவில்லை. ஆட்டத்துக்குள் இருக்கும் ஊழைக் கணக்கிட்டவர், ஆட்டத்துக்கு வெளியே நின்ற ஊழால் வீழ்ந்தார். ஆயினும் கைம்முதலும் கல்வியும் நிதானமும் உடையவர்க்கு அது ஓர் இழப்பு மட்டுமே, அழிவன்று.

மற்றவர் கதை வேறு. ஸ்டூ உங்கர் என்பவர் நியூயோர்க்கிலே 1953இல் பிறந்தவர். சீட்டாட்ட நினைவாற்றலிலே அவரை மிஞ்சியவர் இல்லை என்பர். 1980இலும் 1981இலும் முதன்மைப் போட்டியை வென்றார். பின்பு போதைக்கு அடிமையானார். 1997இலே கட்டணம் கட்டவும் கையிலே காசில்லை. நண்பர் ஒருவர் பாதிப் பங்குக்குக் கட்டினார். அவ்வாண்டும் வென்றார், பத்து இலட்சம் டொலர் பரிசு. அடுத்த ஆண்டு நவம்பரிலே மலிவான விடுதி அறையொன்றிலே இறந்து கிடந்தார். வயது 45. வென்ற பொருளும் தூண்டில் இரையே என்ற வள்ளுவர் கருத்தை விளக்க, இனி நான் வேறு உதாரணம் தேடவேண்டியதில்லை. ஆட்டம் அவரைத் தோற்கடிக்கவில்லை. எழுந்து போகத் தெரியாமையே தோற்கடித்தது.

வெங்காயமும் சில்லும்

தவணை முடிந்த நாளிலே தந்தையும் மகனும் வந்தார்கள். இந்தியாவிலே இவ்வாட்டம் பற்றி நடந்த வழக்கையும் நான் அறிந்து வைத்திருந்தேன். 2023 நவம்பரிலே சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்களே என்றது. 2025 ஆகஸ்டிலே இந்தியப் பாராளுமன்றமோ, திறனாயினும் வாய்ப்பாயினும், பணம் வைத்து இணையத்தில் ஆடுவது முழுவதையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. இதைச் சொல்லி, "திறனா என்பது ஒரு வினா, தீங்கா என்பது வேறொரு வினா" என்றேன்.

பிள்ளை பணிவோடே மறுத்தான். "ஐயா, அப்பு செய்யிறதும் சூதுதானே? காலந்தப்பி மழை பெய்தால் வெங்காயம் அழுகிப்போம். விளைச்சல் நல்லாயிருந்தால் இறக்குமதி வந்து விலை விழும். போன முறை விதைக்காசும் வரேல்லை. அதுக்கு என்ரை கணக்கு மோசமில்லை."

தந்தை தலைகுனிந்தார். எனக்கும் மறுமொழி வரவில்லை. நாளை வாருங்கள் என்று அனுப்பினேன். அன்றிரவு உறக்கமில்லை.

விடியற்காலையிலே திருநெல்வேலிச் சந்தைக்குப் போனேன். வெங்காயம் விலை வீழ்ந்து கிடந்தது. செய்தவர்கள் முகம் வாடியிருந்தது. ஆயினும் ஒரு முதியவள் பை நிறைய வாங்கிக்கொண்டு மகிழ்ச்சியோடு போனாள். அவளைக் கண்டபோது விடை கிடைத்தது. தோட்டக்காரன் தோற்ற இடத்திலும் ஒரு வீட்டிலே அடுப்பு எரிகிறது. சில்லு மேசையிலே அவ்வாறில்லை. பத்தாயிரம் பேர் கொண்டுவந்த பணமே, நடத்துவோர் தம் பங்கை எடுத்தபின், சிலர் கைக்கு மாறுகிறது. ஆட்டம் முடிந்தபின் உலகிலே ஒரு பிடி வெங்காயமும் கூடவில்லை.

அன்று மாலை இதனைச் சொன்னேன். பிள்ளை சற்று யோசித்து, "நீங்கள் படிப்பிக்கிற இலக்கணமும் ஆரின்ரை வயித்தையும் நிரப்பேல்லையே, ஐயா?" என்றான். தந்தை சினந்து எழுந்தார். நான் கையமர்த்தினேன். நல்ல மாணவனிடமிருந்தே அத்தகைய வினா வரும். "உண்மை தம்பி. ஆனால் நான் உனக்கு நன்னூல் சொன்னால் என்னிடமிருந்த நன்னூல் குறைவதில்லை. உன் தொழிலிலே நீ பெறுவதெல்லாம் எதிரே இருந்தவன் இழந்தது. அவன் தேர்ந்தவனாயின் குற்றமில்லை என்பாய். தேர்ந்தவரோடு மட்டும் ஆடி வாழ முடியுமோ? அறியாதவன் வந்து அமர்ந்தாலன்றோ உனக்கு வருவாய்? அவன் எந்தத் தோட்டக்காரனின் மகனோ?" அவன் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. நெடுநேரம் பேசாமலே இருந்தான்.

நான் தடை விதிக்கவில்லை. மூன்று சொன்னேன். ஒன்று: பட்டம் பெற்றபின்பே எதுவும். இரண்டு: கடன் பணத்தாலும் பிறர் பணத்தாலும் ஆடாதே. மூன்று: வரவும் செலவும் செலவழித்த மணித்தியாலமும் இருபக்கக் கணக்கிலே எழுது, பிழையாக ஆடி வென்றதைச் சிவப்பு மையால் குறி. பின்பு தந்தையைப் பார்த்து, "நான் அன்று கேளாமற் கிழித்தது பிழை. அந்தப் பெட்டி மூடியே கிடப்பதும் அதுபோன்றதே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணியிலே பிள்ளை கணக்கேட்டோடு வந்தான். வெற்றிகள் பல. ஆயினும் கட்டணம் கழித்தபின் எஞ்சியது சொற்பம். மணித்தியாலத்தால் பிரித்தால், வெங்காயத் தோட்டத்துக் கூலிக்கும் குறைவு. நான் கேட்குமுன் அவனே அதைச் சொன்னான். சிவப்பு மைக்குறிகள் நிறைய இருந்தன. தன் வெற்றியிலே தனக்கு உரியதல்லாததைப் பிரித்தறிந்த அந்த நேர்மை என்னை மகிழ்வித்தது. ஆட்டத்தை விட்டுவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. படிப்பை விடும் பேச்சு மட்டும் பிறகு எழவில்லை.

சில நாட்களின் பின் தந்தையைச் சந்தியிலே கண்டேன். இயந்திரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பிரிச்சாச்சு ஐயா. அதின்ரை விலையை அவன்ரை பேரிலை வங்கியிலை போட்டிட்டன். இப்ப அது நான் வாங்கின மிசின்" என்றார். அறத்தையும் மகனையும் ஒருசேரக் காக்க அவர் கண்ட வழி, பண்டிதனாகிய எனக்குத் தோன்றாதது.

ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகளின் கையிலிருந்து எதையேனும் பறிக்க நேர்ந்தால், பறிக்குமுன் ஒருகணம் அருகிருந்து அது யாதெனக் கேளுங்கள். என் வகுப்பிலே சூது என்னும் அதிகாரம் இப்போது ஒரு பாடவேளையில் முடிவதில்லை.